மழலையர் மறைக்கல்வி வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கோடை விடுமுறை முடிந்ததும் புதுச்சேரி, கடலூர் பக்கத்துப் பங்குகளில், அதாவது ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில், பிள்ளைகளுக்கான ஞாயிறு மறைக்கல்வி தொடங்கிவிடும். பூசை முடிந்து ஃபாதர் அறிவிப்பு வாசிக்கும்போது, சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு ஆள் தேவை, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று ஒரு வரி வரும். பெரிய வகுப்புகளுக்கு சிஸ்டர்களோ பள்ளி ஆசிரியர்களோ கிடைத்துவிடுவார்கள். மூன்று வயதிலிருந்து ஆறு, ஏழு வயது வரை உள்ள கூட்டத்துக்குத்தான் எப்போதும் ஆள் பற்றாது. கல்லூரிப் பிள்ளைகள், வேலை மாற்றலாகி வந்தவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் கொஞ்சம் நேரம் கிடைத்த அம்மாக்கள் என்று பலர் பெயர் கொடுப்பார்கள். ஆகஸ்ட் வருவதற்குள் பாதிப் பேரைக் காணமுடியாது. அவர்களைச் சோம்பேறி என்று சொல்லமாட்டேன். போய் நின்றால் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அதுதான் காரணம்.

நான் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் இந்த வகுப்பைக் கவனித்துக்கொள்கிறவள். அதனால் எங்கள் பக்கத்துச் சொற்களே அதிகம் வரும். சி.எஸ்.ஐ., கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை, மற்ற சபைகள் எதிலாவது சண்டே ஸ்கூலுக்கு உதவ நினைக்கிறவர்கள், ஃபாதர் என்று வருமிடத்தில் ஆயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் ஒன்றுதான்.

பெயர் கொடுக்கும்போது

ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஃபாதரைப் பிடிக்காதீர்கள். அப்போது அவரைச் சுற்றி கல்யாண ஓலைக்காரர்கள், பூசைக் கருத்துக்காரர்கள், வண்டி மந்திரிக்க வந்தவர்கள் என்று பத்துப் பேர் நிற்பார்கள். வார நாளில் மாலை பங்கு அலுவலகத்துக்குப் போங்கள். எந்த அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழு), எத்தனை வருடமாக இந்தப் பங்கில் இருக்கிறீர்கள், வீட்டில் யார் யார் என்று கேட்பார். வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர் என்றால், சொந்தப் பங்கின் பங்குத்தந்தையிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிப் போவது நல்லது. புதுச்சேரியும் கடலூரும் ஒரே உயர்மறைமாவட்டம், அதாவது ஒரே பேராயரின் கீழ் வருபவை என்பதால் இங்கிருந்து அங்கே மாறியவர்களுக்கு இது சுலபம். ஒரு போன் போட்டால் விசாரித்துவிடலாம்.

அடையாள அட்டை நகல், இதற்கு முன் பிள்ளைகளோடு வேலை செய்திருந்தால் அங்கே உங்களைத் தெரிந்த இரண்டு பேருடைய எண், முடிந்தால் காவல்துறை நன்னடத்தைச் சான்று, இவற்றைக் கேட்காவிட்டாலும் நீங்களே கொடுங்கள். பல இடங்களில் கேட்கமாட்டார்கள். "உங்க அப்பாவைத் தெரியாதா எனக்கு" என்று சிரித்துக்கொண்டே கோப்பை மூடிவிடுவார்கள். பரவாயில்லை, கொடுத்துவிட்டே வாருங்கள். அடுத்து வருகிறவரிடமும் கேட்க அது ஒரு பழக்கமாகும். அதோடு இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வகுப்பில் உங்களோடு இருக்கப்போகும் இன்னொரு பெரியவர் யார்? ஏதாவது பிரச்சினை என்றால் யாரிடம் சொல்லவேண்டும்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத வகுப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதல் சில ஞாயிறுகள்

பாடம் நடத்தவேண்டாம். பாயில் பிள்ளைகளோடு உட்காருங்கள், கிரயான் எடுத்துக் கொடுங்கள், பென்சில் சீவிக் கொடுங்கள், பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். பெயர்தான் முக்கியம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று என்று மூன்று இருக்கும். பதிவேட்டில் ஆரோக்கிய மேரி என்று இருக்கிற குட்டி, 'அம்மு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் வீட்டுப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களை அக்கா, அண்ணா, மிஸ், ஆண்ட்டி என்று எப்படிக் கூப்பிட்டாலும் விட்டுவிடுங்கள். நீங்கள் மட்டும் பிள்ளைகளை "டேய்", "ஏய்" என்று கூப்பிடுவதைத் தவிருங்கள். வீட்டில் செல்லமாக இருப்பது, முப்பது பேருக்கு நடுவில் அதட்டலாகத்தான் கேட்கும்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் திறமைசாலியைவிட, வாராவாரம் தவறாமல் வருகிறவர்தான் வேண்டும். கிட்டார் வாசித்து, பொம்மலாட்டம் காட்டி, மாதம் ஒருமுறை வந்துபோகிற அண்ணனைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் கீழே விழுந்தால் ஓடி வந்து காட்டுவது, ஒவ்வொரு வாரமும் வாசலில் நிற்கிற ஆளிடம்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் முடியும் என்றால் அதையே சொல்லி, எந்த இரண்டு என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம்ம பங்குதானே என்கிற பேச்சு

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியப் பகுதி. மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

நம் ஊர்ப் பங்குகளில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். உபதேசியார் வீட்டுப் பேத்தி, பாடகர் குழுவில் பாடுகிறவரின் தம்பி, மரியாயின் சேனை அம்மாவின் மகன். அதனால் விதி என்று பேச ஆரம்பித்தாலே, "நம்ம பங்குதானே, யாரு தப்பு பண்ணப்போறா" என்று ஒரு குரல் எழும். குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறவர்கள் பெரும்பாலும் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். பூச்சாண்டி வெளியிலிருந்து வருவதில்லை. எல்லோரும் தெரிந்தவர்களாக இருக்கிற இடத்தில்தான் விதி கட்டாயம் வேண்டும். அது உங்களையும் காக்கும். நாளைக்கு யாராவது உங்கள் மேல் ஒரு சொல் சொன்னால், எப்போதும் இரண்டு பேர் இருந்தோம், கதவு திறந்தே இருந்தது என்று சொல்ல முடியவேண்டும்.

ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக்கூடாது. இரண்டு பேர், அதுவும் ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் இருந்தால் நல்லது. கூட இருக்கவேண்டியவர் வரவில்லை என்றால் வகுப்பைக் கோயில் முகப்பு மண்டபத்துக்கு, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள். அல்லது ஒரு அம்மாவை உட்காரச் சொல்லுங்கள். அறைக்குள்ளேதான் நடத்தவேண்டி வந்தால் கதவும் சன்னலும் திறந்திருக்கட்டும். ஏ.சி. அறை கொடுத்தார்கள் என்றால் கதவில் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கதவைத் திறங்கள்.

கழிப்பறை விஷயத்தைப் பேசக் கூச்சப்படுகிறார்கள், ஆனால் வாரம் நாலு முறை அந்தத் தேவை வரும். வகுப்புக்கு விடும் முன்பே ஒருமுறை கூட்டிப்போய்விட்டு வரச் சொல்லிப் பெற்றோரிடம் கேளுங்கள். நடுவில் கேட்கிற பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். ஒரு பெரியவர் தனியாகவும் அழைத்துப்போகவேண்டாம். இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு பெண் தன்னார்வலர் கூட்டிப்போய் வெளியே நிற்கலாம். உடை மாற்றவேண்டும், கழுவிவிடவேண்டும் என்றால் அம்மாவையோ பாட்டியையோ கூப்பிடுங்கள். பெரும்பாலும் அவர்கள் மாதா கெபி (குகை போன்ற சிற்றாலயம்) பக்கத்தில்தான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

தொடுவதைப் பற்றி. குழந்தை அழுதுகொண்டு வந்து மடியில் ஏறினால் தள்ளிவிடச் சொல்லவில்லை. தோளில் தட்டிக்கொடுங்கள், பக்கத்தில் உட்காரவையுங்கள். நீங்களாகத் தூக்குவது, கன்னத்தைக் கிள்ளுவது, முத்தம் கேட்பது வேண்டாம். "அண்ணாக்கு ஒரு முத்தம் குடு, மிட்டாய் தர்றேன்" என்பது நம்மூரில் விளையாட்டாகச் சொல்கிற வார்த்தை. அந்த விளையாட்டுக்கு இங்கே இடமில்லை. பிள்ளை வேண்டாம் என்று தலையாட்டினால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள் என்பதைக் குழந்தை கோயிலில் கற்றுக்கொள்வது நல்ல விஷயம்.

அடி கிடையாது. குட்டு, காதைத் திருகுவது, ஸ்கேலால் ஒரு தட்டு, எதுவும் கிடையாது. முட்டி போடவைப்பதும் கூடாது. முழந்தாளிடுவது செபம் செய்ய என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் பூசையில் பார்த்த பிள்ளைக்கு, அதையே தண்டனையாகக் கொடுத்தால் அது எதை நினைத்துக்கொள்ளும்? அப்புறம், "சாமி கண்ணைக் குத்திடும்" என்ற பயமுறுத்தலையும் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வகுப்பு முடிந்து பிள்ளையை ஒப்படைப்பதில்தான் பெரும்பாலான பங்குகள் கோட்டை விடுகின்றன. மணி அடித்ததும் முப்பது பிள்ளைகளும் வாசலுக்கு ஓடும். மிஷன் வீதி சம்பா கோயில் பக்கம் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று பாண்டிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பக்கத்துக் காந்தி வீதியில் ஞாயிறு சந்தை, எங்கே பார்த்தாலும் வண்டிகள். ரயில் நிலையத்தை ஒட்டிய இருதய ஆண்டவர் பசிலிக்கா வாசலிலும் போக்குவரத்து ஓயாது. ஆகவே ஒருவர் வாசலில் நிற்கவேண்டும். மற்றவர் பிள்ளைகளைப் பாயிலேயே உட்காரவைத்து, கூட்டிப்போக வருகிறவர் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக எழுப்பி அனுப்பவேண்டும். யார் கொண்டுவந்து விட்டார்களோ அவர்களிடம்தான் கொடுப்பது. வேறு ஆள் வருவதாக இருந்தால் பெற்றோர் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருக்கவேண்டும். சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், பிள்ளையும் "சித்தப்பா" என்று ஓடினாலும் ஒரு போன் போடுங்கள். பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் இது பெரிய வழக்காகிவிடும். பத்து வயது அக்கா தம்பியை அழைத்துப்போகலாமா என்பதை அம்மாதான் எழுத்தில் முடிவு செய்யவேண்டும்.

யாரும் வரவில்லை, வெயில் ஏறுகிறது, பிள்ளை வீடு பக்கத்துத் தெருதான், பைக்கில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று தோன்றும். விடாதீர்கள். இரண்டு பெரியவர்களும் அங்கேயே காத்திருங்கள். எத்தனை நேரம் ஆனாலும் சரி.

படங்கள் பற்றி ஒரே ஒரு வார்த்தை: பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை எங்கேயும் போடாதீர்கள், உங்கள் ஸ்டேட்டஸிலும்தான்.

ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது சொன்னால்

எப்போதாவது ஒரு பிள்ளை, படம் வரைந்துகொண்டே, மாமா இப்படிச் செய்றாரு என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அல்லது அடிபட்ட தழும்பு கண்ணில் படலாம். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள். "சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள், அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற உங்களால் முடியாது. தோண்டித் தோண்டிக் கேட்பதும், இன்னொருவரைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொல்வதும் வேண்டாம். பிள்ளை பயன்படுத்திய அதே வார்த்தைகளில் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும், போக்சோ என்று நாம் சொல்கிற 2012ஆம் ஆண்டுச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ள ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளும் அடங்குவார்கள். குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கும் என்ற அச்சம் இருந்தாலோ, காவல்துறையிடம் சொல்வது அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி எல்லோருக்கும் கடமை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்கிறவரைப் பற்றிய செய்தியை மறைத்தால் தண்டனை இன்னும் அதிகம், ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

ஃபாதரிடமோ சிஸ்டரிடமோ சொல்வது நல்லதுதான். ஆனால் அதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் பிறப்பித்த ஆணைப்படி ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் புகார் பெற ஓர் ஏற்பாடு இருக்கவேண்டும். அது திருச்சபையின் உள் ஏற்பாடு. சட்டம் கேட்பது காவல்துறைக்குத் தகவல். "பங்கு பேரு கெட்டுடும், உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று எவ்வளவு மரியாதைக்குரியவர் சொன்னாலும் கேட்கவேண்டாம்.

ஒரு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது

பூசையில் ஒரு மணி நேரம் கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளைகள் அவர்கள். வந்ததும் மறுபடி உட்கார் என்றால் நடக்காது. முதலில் எழுந்து நின்று சைகைப் பாட்டு இரண்டு. கை தட்டி, குதித்து, சுற்றி வரட்டும். அதற்குள் தாமதமாக வருகிறவர்களும் சேர்ந்துவிடுவார்கள். வருகையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கதை, நான்கு வயதுக்காரர்களுக்கு ஐந்து நிமிடம், ஏழு வயதுக்காரர்களுக்குப் பத்து. அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு சுவாரசியமாகச் சொன்னாலும் ஒன்று சட்டைப் பொத்தானைக் கடிக்கும், இன்னொன்று பக்கத்துப் பிள்ளையின் பின்னலை இழுக்கும். கதைக்குப் பிறகு கைவேலை: வரைவது, கிழித்து ஒட்டுவது, களிமண். கடைசியில் சின்ன செபம், வழியனுப்பல்.

பெரிய வகுப்பின் பாடநூலைக் குட்டிகளுக்கு இறக்கிக் கொடுக்காதீர்கள். விசுவாசப் பிரமாணத்தை நாலு வயதில் மனப்பாடம் சொல்லிவிட்டால் பெற்றோருக்குப் பெருமைதான், ஆனால் அவசரம் ஒன்றுமில்லை. புதுநன்மையை (பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குவதை) ஏழு வயதையொட்டி, விவரம் தெரியத் தொடங்கும் பருவத்திலேயே கொடுக்கலாம் என்று 1910இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் (பத்தாம் பயஸ்) சொன்னார். அதற்கு முன்பெல்லாம் இன்னும் பல வருடம் காத்திருக்கவேண்டியிருந்தது. அந்தத் தயாரிப்புக்குத் தனி வகுப்பு வரும். அதுவரைக்கும் சிலுவை அடையாளம் போடவும், சாமிக்கு நன்றி சொல்லவும், பக்கத்துப் பிள்ளைக்குக் கிரயான் கொடுக்கவும் தெரிந்தால் போதும் என்பேன்.

கதை சொல்வது

புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கவேண்டாம். வீட்டில் இரண்டு மூன்று முறை படித்துவிட்டு வந்து கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். குட்டிகளுக்குப் பிடிக்கிறது பொருள்கள்தான். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய சக்கேயு கதையில் அவர்களுக்கு மரம் வேண்டும், அவன் குள்ளன் என்பது வேண்டும். கோயில் வளாகத்தில் ஒரு மரம் இருந்தால் அதன் கீழே போய் உட்கார்ந்து சொல்லுங்கள். ஏற மட்டும் விடாதீர்கள். ஐந்து அப்பம், இரண்டு மீன் நான்கு நற்செய்திகளிலும் வருகிறது, ஆனால் அவற்றை வைத்திருந்த சிறுவன் யோவான் நற்செய்தியில் மட்டும்தான் வருகிறான். பிள்ளைகளுக்குச் சொல்ல அதைத்தான் எடுக்கவேண்டும், ஏனென்றால் கூட்டத்தில் உதவி செய்தது அவர்களைப் போல ஒரு பொடியன். தங்கள் டிபன் பாக்ஸில் என்ன இருந்தது என்று அவர்களே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இட்லியும் தக்காளிச் சட்னியும் கொடுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று பேச்சு போகட்டும், தடுக்காதீர்கள்.

கடலோரப் பங்குகளில் புயலை அடக்கிய கதை தனி. மாற்கு நற்செய்தியில் இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார் என்று ஒரு விவரம் இருக்கிறது. அதைச் சொன்னதும் எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும். ஃபைபர் போட்டில் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு உங்களைவிடக் கடல் நன்றாகத் தெரியும். அலை எப்படி வரும், தண்ணீர் உள்ளே வந்தால் என்ன செய்வார்கள் என்று அவனிடமே கேளுங்கள். ஆனால் கடலுக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது அந்த வீட்டில் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இயேசு சொன்னதும் புயல் நின்றுவிட்டது என்ற வரி வேறு கேள்வியைக் கிளப்பும்: எங்க அப்பாக்கு ஏன் நிக்கல? அதற்கு என்னிடம் குழந்தைக்குச் சொல்லும்படியான பதில் இல்லை. அந்த வருடம் காணாமற்போன ஆட்டின் கதையைச் சொல்லுங்கள்.

ஈசாக்கைப் பலியிடப் போன கதை, ஏரோது குழந்தைகளைக் கொன்றது, சாட்டையடி, ஆணி என்று விவரமாகச் சொல்லும் பாடுகளின் கதை, இவையெல்லாம் இந்த வயதுக்கு வேண்டாம். பெரிய வெள்ளி வாரத்தில் கேட்பார்கள். இயேசு இறந்தார், எல்லோரும் அழுதார்கள், மூன்றாம் நாள் எழுந்து வந்தார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடியுங்கள். உயிர்ப்பை அடுத்த வாரத்துக்கு ஒத்திப்போடவேண்டாம்.

அழுகிற பிள்ளை, ஓடுகிற பிள்ளை

முதல் வாரம் அம்மாவை விட்டு வர மறுத்து அழுவது இயல்பு. அம்மாவையும் உள்ளே உட்காரவையுங்கள். அடுத்த வாரம் வாசலில், அதற்கடுத்த வாரம் வெளியே. பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது நைசாக நழுவிப்போகச் சொல்லித்தராதீர்கள். திரும்பிப் பார்த்து அம்மா இல்லை என்றால் அந்தப் பிள்ளை அப்புறம் எதையும் நம்பாது. "அம்மா போய்ட்டு மணி அடிச்சதும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும், அழுதாலும் பரவாயில்லை.

ஓடுகிற பிள்ளைக்கு வேலை கொடுங்கள். பாய் விரிக்க, டப்பா எடுத்து வர, விளக்கை அணைக்க. கடிக்கிற, அடிக்கிற பிள்ளையைப் பிரித்து உட்காரவைத்து, நடந்ததை இரண்டு வீட்டுப் பெற்றோரிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்ற பெற்றோர் காதில் விழும்படி சொல்லவேண்டாம். ஒலிபெருக்கி, கைதட்டல் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளை, யார் முகத்தையும் பார்க்காத பிள்ளை இருந்தால், என்ன செய்தால் அவனுக்குச் சுகமாக இருக்கும் என்று அம்மாவிடம் கேளுங்கள். சொல்வார்கள். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் அவர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் பாண்டியில் ஒரு காட்சி உண்டு. பிரான்சில் இருக்கிற குடும்பங்கள் விடுமுறைக்கு வந்திருக்கும், பாட்டி பேரப்பிள்ளைகளை வகுப்பில் கொண்டுவந்து விடுவார். தமிழ் புரியும், பேச வராது. "பிரெஞ்சுல ஏதாச்சும் பேசு பாப்போம்" என்று நடுவில் நிறுத்தி வேடிக்கை காட்டாதீர்கள். பாட்டும் கைவேலையும் இருந்தால் மொழி இல்லாமலே கலந்துவிடும்.

தின்பண்டம்

பிஸ்கட், வாழைப்பழம் போதும். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்காது என்று பெற்றோரிடம் கேட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். முழு வேர்க்கடலை, கடலை மிட்டாய், முழுத் திராட்சை, கெட்டியான உருண்டை மிட்டாய் எதுவும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பிறந்தநாள் என்று ஒரு அம்மா சாக்லேட் டப்பாவோடு வந்தால் வாங்கி, வகுப்பு முடிந்து பெற்றோர் கையில் கொடுங்கள்.

மே மாதமும் டிசம்பரும்

கோடைக்கால விவிலிய வகுப்பு, மற்ற சபைகளில் வி.பி.எஸ்., பெரும்பாலும் கத்திரி வெயிலில்தான் நடக்கும். காலையிலேயே தொடங்கி வெயில் உச்சிக்கு ஏறும் முன் முடித்துவிடுங்கள். தண்ணீர்க் குடத்துக்கு ஒரு ஆளைத் தனியாகப் போடுங்கள். கட்டணம் விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வேலையை நம்பிய வீடுகளில் கையில் காசு இருக்காது. சீருடை டீ சர்ட்டுக்கு முந்நூறு ரூபாய் என்று அறிவித்தால் அந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள், காரணமும் சொல்லமாட்டார்கள். டீ சர்ட் இல்லாமலே நடத்தலாம்.

கோடை வகுப்புக்குப் பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் தோழிகளோடு வருவார்கள். சந்தோஷம். அவர்கள் பெற்றோரை நேரில் பார்த்து, இங்கே விவிலியக் கதையும் செபமும் இருக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டுச் சாமியைப் பற்றியோ நெற்றியில் இருக்கும் திருநீற்றைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசக்கூடாது, மற்ற பிள்ளைகள் பேசினாலும் நிறுத்துங்கள்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடகம். ஒத்திகை நடக்கும் திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள், நமக்குப் புயல் காலமும்கூட. 2011இல் தானே புயல் கிறிஸ்துமஸ் முடிந்த ஐந்தாம் நாள் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறியது. ஆகவே நாடகத்தை நான்கு ஒத்திகையில் தயாராகிற அளவுக்குச் சின்னதாக வையுங்கள். குட்டிகளுக்கு வசனம் வேண்டாம். ஆடு, வானதூதர், நட்சத்திரம் போதும். மழை எச்சரிக்கை வந்தால் ஒத்திகை ரத்து என்று முதல் நாளே பெற்றோர் குழுவில் சொல்லிவிடுங்கள். வானதூதர் சிறகைக் குண்டூசியால் குத்தாமல் நாடாவால் கட்டுங்கள். நைலான் உடையோடு இருக்கும் பிள்ளை கையில் மெழுகுவர்த்தி கொடுக்கவே கூடாது. பேட்டரி மெழுகுவர்த்தி மலிவாகக் கிடைக்கிறது. இரவில் வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்கு இந்த வயதுப் பிள்ளைகள் வருவதென்றால் பெற்றோரோடு மட்டும்தான்.

குருத்து ஞாயிறு பவனி, திருவிழாத் தேர்பவனி போன்ற கூட்டங்களிலும் அப்படித்தான். பெற்றோர் இல்லாமல் கூட்டிப்போகாதீர்கள். பிள்ளையின் சட்டைப்பையில் பெற்றோர் போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். பெயரை வெளியே தெரியும்படி மாட்டிவிடவேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை யாரோடும் போய்விடும்.

விலகவேண்டி வந்தால்

மாற்றல், கல்யாணம், படிப்பு என்று ஏதோ ஒன்று வரும். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஒரு மாதம் முன்பே ஃபாதரிடமும், இரண்டு வாரம் முன்பு பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். "இன்னும் ரெண்டு ஞாயிறுதான் வருவேன், அப்புறம் இந்த அக்கா இருப்பாங்க" என்று அடுத்து வருகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னால் அவர்களுக்குப் புரியும். வீட்டுப் பெயர்கள், ஒவ்வாமை, யார் யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற விவரம் எழுதிய பதிவேட்டை அவரோடு உட்கார்ந்து ஒருமுறை பக்கம் பக்கமாகப் பாருங்கள். அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் குழுவிலிருந்து வெளியேறுங்கள். போனில் இருக்கும் பிள்ளைகள் படங்களையும் அழித்துவிடுங்கள்.